வாடகைக்கு தேதி இருக்கு, வயித்துக்கு இல்ல: சாப்பாடு இழுபறியா இருக்குற வீட்டுல என்ன செய்யலாம்

எங்க அம்மா எப்பவும் கடைசியாத்தான் சாப்பிடுவாங்க, அதுவும் உக்காந்து இல்ல, அடுப்பு பக்கத்துல நின்னுக்கிட்டே பாத்திரத்தை கரண்டியால சுரண்டி சுரண்டி. ஏம்மா எங்களோட சாப்பிடலாம்லன்னு கேட்டா “எனக்கு பசிக்கல, ருசி பார்த்து பார்த்தே வயிறு நிறைஞ்சிருச்சு”ம்பாங்க. அந்த கரண்டி சத்தம் மாசத்தோட முதல் வாரத்துல வராது, கடைசி வாரத்துலதான் வரும், அதை நான் கவனிச்சதே ரொம்ப வருஷம் கழிச்சுத்தான். இன்னும் பல வருஷம் கழிச்சு, ஒரு வீட்டுல சாப்பாட்டு கஷ்டம் எவ்வளவு இருக்குன்னு அளக்குறதுக்கு நிவாரண வேலை பாக்குறவங்க வச்சிருக்குற ஒரு கணக்கை பார்த்தேன். அதுல அஞ்சு கேள்வி, அஞ்சுலயும் அதிக மார்க் எதுக்குன்னா “பிள்ளைங்க சாப்பிடணும்னு பெரியவங்க தன் சாப்பாட்டை குறைச்சுக்கிட்டாங்களா”ங்குறதுக்கு. அம்மா பசிக்கலன்னு சொன்னதுக்கு உலகத்துல ஒரு நம்பரே இருக்குன்னு தெரிஞ்சப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சரி விஷயத்துக்கு வரேன். கையில காசு குறையும்போது ஒரு குடும்பம் முதல்ல எதுல கை வைக்குதுன்னு பாருங்க. வாடகைக்கு தேதி இருக்கு, கரண்ட் பில்லுக்கு தேதி இருக்கு, கடன் தவணைக்கு தேதி மட்டுமில்ல வீட்டுக்கே வந்து நிக்க ஆளும் இருக்கு. சாப்பாட்டுக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்புறவங்க யாரும் இல்ல, அதனால எல்லா குறையும் தட்டுல வந்து விழுது. 1857லயே எர்ன்ஸ்ட் எங்கல்னு ஒரு ஜெர்மன் புள்ளியியல்காரர், வருமானம் குறைய குறைய அதுல சாப்பாட்டுக்கு போற பங்கு கூடிக்கிட்டே போகும்னு கண்டுபிடிச்சு சொல்லிட்டாரு. அவ்வளவு பெரிய பங்கா இருந்தும் இழுத்தா நீளுற, அமுக்குனா சுருங்குற ஒரே செலவும் அதுதான். அதனால இந்த கட்டுரை முழுக்க நான் சொல்லப்போறது ஒண்ணே ஒண்ணுதான், சாப்பாட்டுக்கும் ஒரு தேதி போடுங்க, சட்டி காலியாகுற அன்னைக்கு இல்ல, காலியாகப்போகுதுன்னு தெரியுற அன்னைக்கே வேலையை ஆரம்பிங்க.

முதல்ல நிலைமை எங்க இருக்குன்னு பாருங்க

மேல சொன்ன அஞ்சு கேள்வியை ஒரு பேப்பர்ல எழுதுங்க. போன 7 நாள்ல எத்தனை நாள் இதை செஞ்சீங்கன்னு கணக்கு. பிடிக்காததை, மட்டமானதை, விலை குறைஞ்சதை சாப்பிட்ட நாளுக்கு 1 மார்க். ஒரு வேளைக்கு போடுற அளவை குறைச்ச நாளுக்கும் 1. வேளையையே குறைச்ச நாளுக்கும் 1. சாப்பாட்டு சாமான் கடனா வாங்குன நாள் இல்ல சொந்தக்காரங்க சிநேகிதங்க உதவியில ஓட்டுன நாளுக்கு 2. பிள்ளைங்களுக்காக பெரியவங்க குறைச்சுக்கிட்ட நாளுக்கு 3. உதாரணத்துக்கு ஒரு வீட்டுல 5 நாள் மட்டமானதை சாப்பிட்டாங்க, 3 நாள் அளவை குறைச்சாங்க, 1 நாள் பக்கத்து வீட்டுல வாங்கி ஓட்டுனாங்க, 2 நாள் அம்மா சாப்பிடல, அப்போ 5ம் 3ம் 2ம் 6ம், மொத்தம் 16. எல்லாத்தையும் 7 நாளும் செஞ்சா 56 வரும், அதுதான் உச்சம். 3 வரைக்கும் இருந்தா பெரிசா பிரச்சினை இல்ல, 4லருந்து 18 வரைக்கும் நெருக்கடி ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், 19ஐ தொட்டா இனிமே வீட்டுக்குள்ளயே சமாளிக்கலாம்னு நினைக்கக்கூடாது, வெளிய உதவி கேட்டே ஆகணும்.

இதை சமைக்கிறவங்களை கேட்டுத்தான் போடணும், சம்பாதிக்கிறவங்களை கேட்டு போட்டா தப்பா வரும். எங்க அப்பாவை கேட்டிருந்தா “எல்லாரும் மூணு வேளை சாப்பிடுறோம்”னுதான் சொல்லியிருப்பாரு, அது பொய்யும் இல்ல, அவருக்கு தெரியாது அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், பசி வந்தாதான் சாப்பாட்டு பஞ்சம்னு நினைக்காதீங்க. ஐநாவோட உணவு வேளாண் அமைப்பு இதை அளக்க 8 கேள்வி வச்சிருக்கு, அதுல ஒரு நாள் முழுக்க சாப்பிடாம இருந்தீங்களாங்குறதுதான் எட்டாவது கேள்வி, முதல் கேள்வி என்னன்னா “சாப்பாட்டுக்கு இல்லாம போயிருமோன்னு கவலைப்பட்டீங்களா”ங்குறது. கவலைப்பட ஆரம்பிச்ச அன்னைக்கே நீங்க அந்த கணக்குக்குள்ள வந்துட்டீங்க. இந்த அளவுகோலை வச்சு பார்த்தா 2023ல உலகத்துல கிட்டத்தட்ட 233 கோடி பேருக்கு, வெறும் கவலையைத் தாண்டி மிதமாவோ கடுமையாவோ, சாப்பாடு நிச்சயமில்லாம இருந்திருக்கு. அதனால நாம மட்டும்தான் இப்படி, வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு குறுகி உக்கார வேண்டாம்.

குறையுற நாளை எண்ணுங்க

இதுதான் முக்கியமான பகுதி, கொஞ்சம் பொறுமையா படிங்க. அவசர காலத்துல மக்களுக்கு உணவு கொடுக்கும்போது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 2100 கலோரின்னு திட்டம் போடுவாங்க. சாமானா சொன்னா ஏறக்குறைய 400 கிராம் தானியம், 60 கிராம் பருப்பு பயறு வகை, 25 கிராம் எண்ணெய், கொஞ்சம் சத்துமாவு, சர்க்கரை, உப்பு. சின்ன பிள்ளை குறைச்சு சாப்பிடும், மூட்டை தூக்குறவரு கூட சாப்பிடுவாரு, இது சராசரி. 4 பேர் இருக்குற வீட்டுக்கு இப்போ நீங்களே பெருக்கிடலாம், ஒரு நாளைக்கு தானியம் 1.6 கிலோ, 30 நாளைக்கு 48 கிலோ, பருப்பு 7 கிலோ சொச்சம், எண்ணெய் 3 கிலோ.

இப்போ வருமானம் வந்த அன்னைக்கு உங்களால 36 கிலோதான் வாங்க முடிஞ்சுதுன்னு வைங்க. 36ஐ 1.6ஆல வகுத்தா 22 நாள் சொச்சம். அதாவது முதல் தேதியே உங்களுக்கு தெரிஞ்சுபோச்சு, 23ந்தேதிக்கு மேல ஏழெட்டு நாள் ஓட்டை. கணக்கு போடாத வீட்டுல இது எப்போ தெரியும்? 22ந்தேதி ராத்திரி மூட்டைக்குள்ள கையை விடும்போதுதான். அன்னைக்கு தெரிஞ்சா வட்டிக்கு வாங்குறதை தவிர வேற வழி இருக்காது, முதல் தேதி தெரிஞ்சா உங்க கையில மூணு வாரம் இருக்கு, உதவி எங்க கிடைக்கும்னு விசாரிக்கலாம், கூடுதல் வேலை தேடலாம், தவணைக்காரர்கிட்ட பேசலாம்.

வாங்குன அன்னைக்கே சாமானை நாலு பையா பிரிச்சு கட்டிருங்க, வாரத்துக்கு ஒண்ணு. பையில தேதி எழுதிருங்க. ஒரே மூட்டையா இருந்தா முதல் பத்து நாள் கை தாராளமா போகும், அது யார் மேலயும் தப்பில்ல, நிறைஞ்ச மூட்டையை பார்த்தா எல்லாருக்கும் அப்படித்தான். அளக்குறதுக்கு ஒரே டம்ளரை வச்சுக்கோங்க, அந்த டம்ளரை வேற எதுக்கும் எடுக்கக்கூடாது. கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா கைப்பிடி கணக்குல போடுறதுக்கும் டம்ளர் கணக்குல போடுறதுக்கும் மாசக்கடைசியில ரெண்டு மூணு நாள் வித்தியாசம் வர்றதை நான் பார்த்திருக்கேன்.

தினக்கூலிக்காரங்களுக்கு இது ஒத்துவராதேன்னு கேப்பீங்க. நியாயம்தான், மொத்தமா வாங்க காசு இல்லாதவங்கதான் சில்லறையா வாங்கி அதிக விலை கொடுக்குறாங்க, இல்லாதவனுக்குத்தான் எல்லாமே விலை கூடன்னு சும்மாவா சொல்றாங்க. முடிஞ்சா ரெண்டு மூணு வீடு சேர்ந்து மூட்டையா வாங்கி பிரிச்சுக்கோங்க. அதுவும் முடியலன்னா வேலை கிடைச்ச நாள்ல ஒரு நாள் சாமானுக்கு பதிலா ஒண்ணேகால் நாள் சாமான் வாங்குங்க, நாலு வேலை நாள்ல ஒரு வேலையில்லாத நாளுக்கு சேர்ந்துரும். அடுப்பெரிக்க ஆகுற செலவையும் இதே கணக்குல சேர்க்க மறந்துராதீங்க, சாமான் இருந்தும் கேஸ் இல்லாம பிள்ளைங்க பட்டினி கிடந்த வீடு உண்டு. பயறை ராத்திரியே ஊறப்போட்டா எரிபொருள் நல்லாவே மிச்சமாகும்.

எதை குறைக்கலாம், எதை குறைக்கக்கூடாது

எல்லா வீட்டுலயும் நடக்குற ஒரு தப்பு, காசு குறைஞ்சா முதல்ல எண்ணெயும் பருப்பும் போகும், தானியம் மட்டும் நிக்கும். வயிறு நிறையும், ஆனா உடம்புக்கு ஒண்ணும் இருக்காது. கொழுப்புல கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துலயும் புரதத்துலயும் 4தான், அதனால காசு குறைஞ்ச நேரத்துல ஒரு ஸ்பூன் எண்ணெய்ங்குறது ஆடம்பரம் இல்ல. தானியத்துல கொஞ்சம் குறைச்சு அந்த காசுல பருப்பு பயறை காப்பாத்துங்க, தானியமும் பயறும் சேரும்போது ஒண்ணுல குறையுற புரதச்சத்தை இன்னொண்ணு ஈடுகட்டும். பெண்களுக்கு ஒரு எளிய சோதனை இருக்கு, சாப்பாட்டை 10 வகையா பிரிச்சு (தானியம் கிழங்கு ஒண்ணு, பயறு ஒண்ணு, கொட்டை விதை ஒண்ணு, பால், கறி மீன், முட்டை, கரும்பச்சை கீரை, மஞ்சள் ஆரஞ்சு நிற காய் பழம், மத்த காய், மத்த பழம்) நேத்து ஒரு நாள்ல 5 வகையாவது வாய்க்குள்ள போச்சான்னு பாக்குறது. ரெண்டு மூணுலயே நாள்கணக்கா நின்னுச்சுன்னா இரும்புச்சத்து, வைட்டமின் ஏ எல்லாம் சத்தமில்லாம கரைஞ்சுட்டு இருக்கும், இதைத்தான் மறைமுகப் பசின்னு சொல்றாங்க. அஞ்சுக்கு கொண்டுவர பெரிய செலவு வேண்டாம், கீரை ஒரு பிடி, ஏதாவது ஒரு புளிப்பு பழம் (கீரை பயறுல இருக்குற இரும்பு உடம்புல ஒட்டுறதுக்கு வைட்டமின் சி உதவும்), வாரத்துல சில நாள் முட்டை.

பசியை அடக்க டீ குடிக்கிற பழக்கம் இருந்தா அதை சாப்பாட்டோட சேர்க்காதீங்க, ஒரு மணி நேரமாவது தள்ளி குடிங்க, சாப்பாட்டுல இருக்குற கொஞ்சநஞ்ச இரும்பையும் அது ஒட்டவிடாது. மிச்சம் பிடிக்கிறேன்னு சமைச்சதை வெளியவே வச்சு மறுநாள் சாப்பிடுறதும் ஆபத்து, ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காம இருக்குறது நல்லது, பேதி வந்தா மிச்சம் பிடிச்சதைவிட அதிகம் போகும். அப்படி வந்துருச்சுன்னா 1 லிட்டர் சுத்தமான தண்ணியில தலைதட்டுன 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து குடிக்கக் கொடுங்க, அளவு மாறக்கூடாது, உப்பு கூடிப்போனா பிள்ளைக்கு ஆபத்து.

குடும்பத்துல யாராவது சுகருக்கு மாத்திரை இல்ல இன்சுலின் எடுக்குறாங்கன்னா தயவுசெஞ்சு இதை கேளுங்க. சாப்பாட்டை விட்டுட்டு மருந்தை மட்டும் வழக்கம்போல போட்டா சர்க்கரை திடீர்னு இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. வேளை குறையப்போகுதுன்னு தெரிஞ்சா டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ “வீட்டுல சாப்பாடு சரியா இல்ல”ன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்க, அவங்க அளவை மாத்தித் தருவாங்க. நீங்களா நிறுத்தவும் வேண்டாம்.

சின்ன பிள்ளைங்க விஷயத்துல விளையாட்டு வேண்டாம்

பிறந்த குழந்தைக்கு 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும்னுதான் உலக சுகாதார அமைப்பு சொல்லுது, அதனால பால் கொடுக்குற அம்மாவோட தட்டுல குறைக்கிறது வீட்டுல எல்லாரையும்விட கடைசியா இருக்கணும், நடைமுறையில தலைகீழாத்தான் இருக்கு. டப்பா பால் கொடுக்குறவங்க பவுடரை குறைச்சு தண்ணியை கூட்டுறதை நான் கண்ணால பார்த்திருக்கேன், டப்பா நாலு நாள் கூட வரும்னு. அப்படி செய்யவே கூடாது, பாட்டில் நிறைஞ்சிருக்கும், குழந்தை மெலிஞ்சுகிட்டே போகும், கூடுதல் தண்ணியால உப்புச்சத்து இறங்கி வலிப்புகூட வரலாம். பவுடர் தீரப்போகுதுன்னா அன்னைக்கே ஹெல்த் சென்டருக்கு போங்க.

6 மாசத்துலருந்து 5 வயசுக்குள்ள இருக்குற பிள்ளைக்கு இடது மேல்கையோட நடுவுல ஒரு டேப்பால சுத்தி அளந்து பாருங்க, இறுக்கவும் கூடாது தளர்த்தவும் கூடாது. 12.5 சென்டிமீட்டருக்கு கீழ இருந்தா ஊட்டச்சத்து குறைபாடு, 11.5க்கு கீழ போனா கடுமையான குறைபாடு, அது அன்னைக்கே ஆஸ்பத்திரி போகவேண்டிய கேஸ். ரெண்டு பாதத்துலயும் வீக்கம் இருந்து, விரலால அமுக்கி எடுத்தா குழி விழுந்தா அதுவும் அப்படித்தான், பிள்ளை கொழுகொழுன்னு இருக்குன்னு ஏமாந்துராதீங்க. பெரியவங்களோ பிள்ளைங்களோ பல நாள் சரியா சாப்பிடாம இருந்தவங்களுக்கு திடீர்னு வயிறுமுட்ட போடுறதும் ஆபத்து, அவங்களுக்கும் டாக்டர் மேற்பார்வையில கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஆரம்பிக்கணும்.

கடன், தவணை, விக்குறது

வாயைக் கட்டி வயித்தைக் கட்டி கடனை அடைக்கிறதை நாம பெருமையா பேசுறோம், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. தவணை தேதிக்கு முன்னாடியே போய் “இந்த மாசம் பாதிதான் தரமுடியும், மீதி இந்த தேதியில”ன்னு சொன்னா பல பேர் ஒத்துப்பாங்க, தேதி தாண்டி ஒளிஞ்சுகிட்டு இருந்தா யாரும் ஒத்துக்கமாட்டாங்க. பேசி தள்ளிப்போட்டதை ஒரு வரி எழுத்துலயோ மெசேஜ்லயோ வாங்கிக்கோங்க.

விக்கவேண்டிய நிலை வந்தா வரிசை முக்கியம். சும்மா கிடக்குற சாமான், நகைநட்டு, டிவி இதெல்லாம் போனா திரும்ப வாங்கிக்கலாம். தொழில் செய்யுற கருவி, தையல் மெஷின், வண்டி, விதைக்கு வச்ச தானியம், இதுல கை வச்சா அடுத்த மாச வருமானத்தையே இந்த மாசம் சாப்பிடுறோம்னு அர்த்தம். பிள்ளையை பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புறதும் இதே கணக்குதான், அதுக்கு மேல பள்ளிக்கூடத்துல ஒரு வேளை சாப்பாடு போடுற இடமா இருந்தா அதுவும் சேர்ந்து போயிரும்.

கேக்குறது எப்படி

பல வீடுங்க கடைசிவரைக்கும் செய்யாம விடுறது இதைத்தான். மனித உரிமை பிரகடனம்னு 1948ல ஐநா கொண்டுவந்ததுல 25ஆவது பிரிவுலயே சாப்பாடு இருக்கு, அதனால அரசாங்க உதவிக்கு விண்ணப்பம் போடுறது கை ஏந்துறதுல சேராது. ஒரு பிளாஸ்டிக் கவர்ல வீட்டுல இருக்குற எல்லார் அடையாள அட்டை நகல், பிள்ளைங்க பிறப்பு சான்றிதழ், வருமானத்துக்கு ஏதாவது ஒரு காகிதம், வாடகை ரசீது, மருத்துவ சீட்டு எல்லாத்தையும் ஒண்ணா போட்டு வைங்க, காகிதம் தேடுற நேரத்துலயே பாதி பேருக்கு வேகம் போயிருது. ஒரு தடவை நானே ஒரு ஆபீஸ்ல மூணு நாள் அலைஞ்சேன், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பேப்பர் இல்லன்னு திருப்பி அனுப்புனாங்க, மூணாவது நாள் “என்னென்ன வேணும்னு இதுல எழுதிக் கொடுங்க சார்”னு நோட்டை நீட்டுனேன், அதோட வேலை முடிஞ்சுது. நிராகரிச்சா காரணத்தை எழுத்துல கேளுங்க, மேல்முறையீட்டுக்கு வழி இருக்கான்னும் கேளுங்க.

பேசும்போது சுத்தி வளைக்காம நாள் கணக்கா சொல்லுங்க. “ரொம்ப கஷ்டமா இருக்கு”ன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது, “வீட்டுல 4 பேர், 23ந்தேதியோட சாப்பாட்டு சாமான் தீருது, அடுத்த வருமானம் 1ந்தேதி”ன்னு சொன்னா எதிர்ல இருக்குறவங்க கை தானா பேனாவை எடுக்கும். உணவு வங்கி, கோயில் சர்ச் மசூதி அன்னதானம், பிள்ளை படிக்கிற ஸ்கூல் டீச்சர், ஹெல்த் சென்டர் நர்ஸ், வேலை செய்யுற இடத்துல முன்பணம், இப்படி ஒரே நாள்ல மூணு இடத்துல சொல்லி வைங்க, ஒண்ணு முடியலன்னு சொன்ன பிறகு அடுத்ததுன்னு காத்திருக்காதீங்க.

இதை படிக்கிற உங்களுக்கு கஷ்டம் இல்ல, பக்கத்து வீட்டுல இருக்குற மாதிரி தெரியுதுன்னா “சாப்டீங்களா”ன்னு கேக்காதீங்க, அதுக்கு உலகத்துல எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க. “நேத்து ராத்திரி என்ன சமைச்சீங்க”ன்னு பேச்சுவாக்குல கேளுங்க, பதில் வர எடுக்குற நேரத்துலயே தெரிஞ்சிரும். கொடுக்கும்போது பிள்ளைங்க முன்னாடி கொடுக்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க, முடிஞ்சா காசா கொடுங்க, அவங்களுக்கு என்ன தேவைன்னு அவங்களுக்குத்தான் தெரியும். சாமானாத்தான் கொடுக்கணும்னா எண்ணெயும் பருப்பும் சேர்த்துக் கொடுங்க, கொடுக்கிறதை 20ந்தேதிக்கு மேல கொடுங்க, அப்போதான் கரண்டி சத்தம் ஆரம்பிக்கும்.